கரிவண்டிக்கு முன்னால் விட்ட வண்டி

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு ரோஸ்வித்தா வீகெல்மன்தான் வேலிக்கு மேலால் நீட்டினார், பிளம் பழம் பரப்பிச் சுட்ட கேக்கோடு சேர்த்து. அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கலியாணம் கட்டவில்லை. வேலை செய்த காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். இன்றைக்கும் என் குப்பைத் தொட்டியைத் திறந்து, கடதாசியும் பிளாஸ்டிக்கும் ஒழுங்காகப் பிரித்திருக்கிறேனா என்று பார்த்துத் திருத்தம் சொல்கிறவர். நான் இந்த ஜெர்மன் ஊருக்கு வந்த பிறகான காலத்தில் பாதியை இவரோடு சண்டையிலும் மீதியைச் சிநேகிதத்திலும் கழித்திருக்கிறேன்.

"மலர், நீர் உம்மட பாஷையில கதை எழுதுறனீர் எல்லோ?"

"ஓம், இடைக்கிடை."

"எங்கட அப்பான்ர கதையை எழுதும்."

"ஜெர்மன்லயோ?"

"விசரே உமக்கு? உம்மட பாஷையில. இந்த ஊரில ஒருத்தருக்கும் விளங்கக்கூடாது."

ஒருத்தருக்கும் விளங்காத கதை எதற்கு என்று கேட்க வாய் வந்தது. அதை விட்டுவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டேன். ஆகவே வாசகரே, இது தற்செயலாக உங்கள் கைக்கு வந்தது என்று நினைக்க வேண்டாம். உங்களைத் தெரிந்தெடுத்தவர் ரோஸ்வித்தா. அவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவரைத் தெரியாது. அவர் எதிர்பார்த்த தகுதி அது ஒன்றுதான்.

2.

அவர் சொன்ன கதை, ஒரு கோப்பை கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் கதை.

தகப்பன் பெயர் அல்வின் வீகெல்மன். போர்க்காலத்தில் இந்த ஊர் ரயில் சரக்கு யார்டில் வேலை. எந்த வண்டி முதலில் போக வேண்டும், எது பிறகு என்று வரிசை கொடுப்பதுதான் அவர் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, கோடை காலம், கொதிக்கிற வெயில். மேற்கிலிருந்து ஒரு வண்டி வந்து மூன்றாம் தடத்தில் நின்றது. மாடு ஏற்றுகிற மூடிய பெட்டிகள். உள்ளே மனிதர்கள். தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள். ஆனால் யார்டில் நிலக்கரி ஏற்றிய வண்டிகள் மூன்று காத்து நின்றன. கரிதான் முதல், அது சட்டம். கரி போன பிறகுதான் மற்றது.

அல்வினால் தாங்க முடியவில்லை. சட்டத்தை மீறினார். கரி வண்டிகளைப் பின்னுக்குப் போட்டுவிட்டு, அந்த வண்டிக்கு வழியைத் திறந்துவிட்டார்.

மேலதிகாரி வந்து கத்தினாராம். "என்ன காணும் வீகெல்மன், கரி அழாது எண்டபடியா அதைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டீரோ?" தண்டனையாக அந்தக் குளிர்காலம் முழுக்கப் பொதிக் கொட்டகையில் மூட்டை எண்ண விட்டார்களாம். போர் முடிந்த பிறகு, வருடா வருடம் அல்வினுடைய பிறந்த நாளுக்குப் பிளம் கேக் வெட்டும்போது இந்தக் கதையைச் சொல்வது அந்த வீட்டு வழக்கம். மேலதிகாரியின் குரலை அல்வின் நடித்துக் காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள்.

"கட்சியில அவர் சேரேல்லை," என்றார் ரோஸ்வித்தா. "ஒருத்தரையும் அடிக்கேல்லை, ஒருத்தரையும் காட்டிக்குடுக்கேல்லை. அவற்ற வேலை கரி வண்டி. ஒரே ஒருக்காத்தான் சட்டத்தை மீறினவர். அதுவும் இரக்கத்தில."

கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தேன். "அந்த வண்டி பிறகு எங்க போனது?" என்று கேட்டேன்.

"கிழக்கால," என்றார். "இன்னொரு துண்டு வைக்கட்டோ?"

3.

எப்படித் தொடங்குவது? எழுதிப் பார்த்தவற்றை அப்படியே விட்டிருக்கிறேன்.

அல்வின் வீகெல்மன் ஒரு நல்ல

[நிறுத்தினேன். அடுத்த சொல் 'மனிதர்' என்று கைக்கு வந்தது. கை தானாக எழுதுகிற சொல்லை நம்பக்கூடாது.]

வெற்றிக்காகச் சக்கரங்கள் உருள வேண்டும் என்று வெள்ளை எழுத்தில் எழுதிய இயந்திரம், புகை கக்கிக்கொண்டு யார்டுக்குள்

[அந்தக் காலத்தில் இயந்திரங்களில் அப்படி எழுதியிருந்தது உண்மைதான். ஆனாலும் புகை கக்குகிற இயந்திரத்தோடு தொடங்கினால் நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். வேண்டாம்.]

மூன்றாம் தடத்தில் அந்த வண்டி காலையிலிருந்து நின்றது. கைகாட்டிச் சிக்னல் இறங்கியதும்*

* இந்த இடத்தை நான் ஜெர்மனில் சொல்லிக் காட்டியபோது ரோஸ்வித்தா கைகொட்டிச் சிரித்தார். "இறங்கினதோ? இஞ்ச கைகாட்டி ஏறினாத்தான் வண்டி போகலாம். உங்கட ஊரில எல்லாம் தலைகீழோ?" எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் போட்ட பாதையில் கைகாட்டி விழுந்தால் வழி. இங்கே ஏறினால் வழி. கீழே வரும் காட்சியில் திருத்திவிட்டேன். யார்ட்டுக்காரன் மகள் ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தால் கதை எழுதுவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

4.

கரி ஏன் முதல் என்பதை நான் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அல்வின் மீறியது எவ்வளவு பெரிய சட்டம் என்று உங்களுக்குப் பிடிபடாது.

அன்றைக்கு ஜெர்மன்காரரிடம் பெற்றோல் குறைவு. இருந்ததையும் போர்முனை குடித்தது. ஆகவே நாடு முழுவதும் தண்டவாளத்தில் தொங்கியது. இந்தப் பக்கத்து நிலத்துக்குக் கீழே கரி கிடந்தது. அந்தக் கரி போனால்தான் உருக்காலை எரியும், மின்சாரம் வரும், பீரங்கி வரும், கரியிலிருந்தே செயற்கைப் பெற்றோலும் வரும், பேக்கரியில் பாணும் வரும். ஒரு நாள் கரி வராவிட்டால் ஆலைக்காரன் தொலைபேசியில் அழுவான். ரயிலோ எப்போதும் பற்றாக்குறையில் ஓடியது. பிரான்சில் பிடித்த பெட்டி, பெல்ஜியத்தில் பிடித்த பெட்டி, போலந்தில் பிடித்த பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி இழுத்தும் போதவில்லை.

ரோஸ்வித்தா சொன்ன "அவற்ற வேலை கரி வண்டி" என்ற வாக்கியத்தில் எனக்கு இங்கேதான் இடறுகிறது. கரி வண்டி என்று தனியாக ஒன்றும் இல்லை. பெட்டிகள் எல்லாம் ஒரே குளத்துத் தண்ணீர். கிழக்கே பீரங்கிக் குண்டு கொண்டுபோன மூடிய பெட்டி, திரும்பும்போது உக்ரேனியப் பெண்களை ஆலை வேலைக்கு அள்ளிக்கொண்டு வரும். அவர்களை இறக்கிய பிறகு கழுவி உருளைக்கிழங்கு ஏற்றுவார்கள். கிழங்கு இறங்கிய பிறகு குதிரை. குதிரைக்குப் பிறகு, மேற்கிலிருந்து பிடித்துக் கிழக்கே கொலை முகாமுக்குக் கொண்டுபோகிற யூதக் குடும்பங்கள். ஒன்றுக்குப் பெட்டி கொடுத்தவன் எல்லாவற்றுக்கும் கொடுத்தவன். நான் குசினியில் மட்டும்தான் வேலை செய்தேன், பந்தியில் யாருக்கு என்ன போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது என்று சொல்வது போல இருக்கிறது.

யார்ட்டுக்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டாம்: நிற்கிற வண்டி செத்த வண்டி. பெட்டி ஒன்று தேவையில்லாமல் நின்றால் இவர்களுக்கு உடம்பு நோகும். பால் பொங்கி வழிவதைப் பார்க்கிற வீட்டுக்காரியைப் போலப் பதறுவார்கள். நல்ல ரயில்காரன் என்றால் வண்டியை நிற்க விடாதவன். அல்வின் நல்ல ரயில்காரர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சமைக்கிறவளுக்கு இரக்கம் வந்தால் சோறு போடுவாள். தைக்கிறவளுக்கு இரக்கம் வந்தால் கிழிசலைத் தைத்துக் கொடுப்பாள். வண்டிக்கு வழி விடுகிறவனுக்கு இரக்கம் வந்தால்

[இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. இரண்டு கிழமை மேசையில் கிடந்தது.]

 நான் பிறந்த பக்கத்தில் போர் வந்தபோது தண்டவாளத்தைப் பிடுங்கிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டோம். வண்டி வராத ஊரில் வளர்ந்த எனக்கு ரயில் என்றால் ஊர்விட்டுப் போகிற வழி, தப்புகிற வழி. வண்டி நிற்பதே சாவு, ஓடுவதே உயிர் என்று நானும் நினைத்திருந்தேன். அல்வினைத் திட்ட உட்காரும்போதெல்லாம் இது வந்து குறுக்கே நிற்கிறது.

5.

சரி, காட்சி. எழுதாமல் எத்தனை நாள் ஒளித்துத் திரிவது.

தண்டவாளங்களுக்கு மேலே, உயரத்தில் ஒரு கேபின். வரிசையாக நெம்புகோல்கள். அல்வின் தொலைபேசியோடு இருக்கிறார். அவர் சொல்கிறபடி நெம்புகோலை இழுக்கிறவர் க்ளெமென்ஸ். இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். யன்னல்கள் திறந்திருக்கின்றன. சத்தம் வருகிறது.

"யன்னலைச் சாத்தட்டோ?" என்றார் க்ளெமென்ஸ்.

"சாத்தினா வெக்கை."

"திறந்தா இது. அப்ப என்னதான் செய்யிறது?"

"வேலையைச் செய்."

"மூண்டாம் தடத்தில நிக்கிறது விடியத் தொடங்கி நிக்குது, அல்வின்."

"எனக்குக் கண் தெரியாதோ? மூண்டு கரி வண்டி முன்னால நிக்குது. அதுக்குப் பின்னால ஆமிக்காரன்ர வண்டி வருது. எங்கயடாப்பா இதைச் செருகிறது?"

"நான் செருகச் சொல்லேல்லை. எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை எண்டு சொல்லுறன்."

அல்வின் படியிறங்கிப் போனார். பெட்டியின் நிழலில் காவல்காரப் போலீஸ் ஒருவன் பாணுக்குள் ஈரல் சொசேஜ் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு வாளி தண்ணீர் கொடுக்கலாமா என்று அல்வின் கேட்டார்.

"குடுத்தா இன்னுமொருக்காக் கேப்பினம்," என்றான் அவன். "அதை விடும். எங்களை எப்ப விடப்போறீர்? நாங்களும் இஞ்ச வெந்து சாகிறம்."

பெட்டியின் மேல் மூலையில் முள்ளுக்கம்பி அடித்த ஒரு சின்னத் துவாரம். அதற்குள்ளிருந்து ஒரு முகம் பார்த்தது. பெண்ணின் முகம்.

[இந்தப் பெண்ணை நான்தான் ஏற்றினேன். ரோஸ்வித்தா சொன்ன கதையில் சத்தம்தான் உண்டு, ஆள் இல்லை. ஒரு ஆளாவது இருக்க வேண்டும் என்று பட்டது. ஏற்றிய பிறகு, இவளை இந்தப் பெட்டியில் அடைக்க எனக்கு என்ன உரிமை என்று என்னையே கேட்டேன். கதைக்காக ஒருத்தியை வண்டியில் ஏற்றுகிறவளும் வண்டியில் ஏற்றுகிறவள்தான். இறக்கிவிடவும் முடியவில்லை. இவள் பெயர் இல்ஸ. ஜெர்மன் யூதப் பெண். எல்லைக்கு அப்பால் தப்பி ஓடி, அங்கேயும் பிடிபட்டவள்.]

அவள் கத்தவில்லை. அல்வின் பேசுகிற அதே பாஷையில், தபால் கந்தோரில் வரிசையில் நிற்கிறவளைப் போல மரியாதையாகக் கேட்டாள்.

"ஐயா, நீங்கள் ரயில் ஆள்தானே? இது எப்ப வெளிக்கிடும்?"

"கரி வண்டி போனாப் பிறகு, அம்மா."

"எங்களைக் கெதியா அனுப்பிவிடுங்கோ. பிள்ளையள் கிடக்குதுகள். அங்க போய்ச் சேந்தாத் தண்ணி தருவினம்தானே?"

அல்வின் திரும்பி நடந்தார். படியேறி வந்தார். தொலைபேசியை எடுத்து மூன்று கரி வண்டிகளையும் நிறுத்தி வைக்கச் சொன்னார்.

"மூண்டாம் தடத்தைத் திற," என்றார்.

க்ளெமென்ஸ் திரும்பிப் பார்த்தார். "மேலதிகாரி உன்னை உயிரோட தின்னுவான்."

"திண்டாத் தின்னட்டும். திற."

கைகாட்டி ஏறியது. வண்டி அசைந்தது. க்ளெமென்ஸ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ மனுசன்ரா," என்றார்.

[துவாரத்திலிருந்து அந்தப் பெண் கையை நீட்டி 'நன்றி' என்றாள். இந்த வரியை வெட்டிவிட்டேன். வெட்டியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். என்ன செய்ய, வெட்டினாலும் அவள் சொல்லியிருப்பாள்.]

6.

அந்த வண்டி எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கதை முழுக்க இதில்தான் நிற்கிறது. ரோஸ்வித்தாவின் தோட்டத்தில் அவரைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"தெரியாது," என்றார், நான் முடிக்கும் முன்பே. "அப்ப ஆருக்கும் தெரியாது."

"ஓம்."

"அப்பிடி ஓம் போடாதையும். உம்மட ஓம் நல்லா இல்லை."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அதுதான் நல்லா இல்லை எண்டு சொல்லுறன்."

என் மனதில் இருந்தது இதுதான். ஊர்ச் சனத்துக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் யார்ட்டுக்காரனுக்கு வேறு கண் இருக்கிறது. ஓரிடத்துக்கு இவ்வளவு சனத்தை வண்டி வண்டியாக ஏற்றி அனுப்பினால், பின்னாலேயே கிழங்கு வண்டி போக வேண்டும், கோதுமை மா வண்டி போக வேண்டும், குளிர்காலத்துக்குக் கரி போக வேண்டும். சனத்துக்குப் பின்னால் சாப்பாடு போகாவிட்டால் என்ன அர்த்தம் என்று பெட்டிகளை வரிசைப்படுத்துகிறவனுக்குப் புரியாதா? அல்லது, புரிகிற இடத்துக்குப் பக்கத்தில் போய்விட்டு, தொலைபேசி அடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டாரா? எனக்குத் தெரியாது. அவரைக் குற்றவாளி என்று எழுதினால் ஒரு நாள் நித்திரை வருகிறது. அப்பாவி என்று எழுதினால் ஒரு நாள் நித்திரை வருகிறது. இரண்டுமே பொய் என்று மறுநாள் தெரிகிறது.

ரோஸ்வித்தா அவரைக்காய்க் கூடையைக் கீழே வைத்தார். வாங்குப் பலகையில் இருந்தார். கொஞ்ச நேரம் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"அறுபதுகளில ஒருக்கா," என்றார். "பேப்பரில முகாம் வழக்குகள் வந்த காலம். எந்த வண்டி எங்க போனது, போனவைக்கு என்ன நடந்தது எண்டு எல்லாம் விபரமா வந்தது. அந்த வருசமும் அப்பான்ர பிறந்த நாள் வந்தது. மேசை நிறையச் சனம். நான் சொன்னன், அப்பா, அந்த வண்டிக் கதையைச் சொல்லுங்கோ எண்டு. அவர் என்னைப் பார்க்கேல்லை. 'கிரீம் எல்லாருக்கும் போதுமோ?' எண்டு கேட்டார்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லை. சாகுமட்டும் அவர் அந்தக் கதையைச் சொல்லேல்லை."

"அப்ப அதுக்குப் பிறகு வருசா வருசம் சொன்னது ஆர்?"

"நான்." குரல் உடைந்தது. "எல்லாரும் அவரையே பாத்துக்கொண்டிருந்தவை, மலர். ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும். நான் சொன்னன். மேலதிகாரி மாதிரி நடிச்சும் காட்டினன். எல்லாரும் சிரிச்சவை. அப்பா சிரிக்கேல்லை. அடுத்த வருசம் சொல்லாம விட்டா, ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பினமே. அதால அடுத்த வருசமும் சொன்னன்."

எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா, மேசையில் சிரிக்காமல் இருந்த அந்தக் கிழவருக்காகவா, வண்டிக்குள் இருந்தவர்களுக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வண்டிக்குள் இருந்தவர்களுக்காகத்தான் அழுதிருக்க வேண்டும். கதை அவர்களைப் பற்றியது என்பதை எல்லாரும் மறந்துவிடுகிறோம், நானும் சேர்த்து.

7.

அதன் பிறகு நான் வேறு முடிவுகள் தேடினேன். கதாசிரியரின் கையில் கடவுளுக்கு அடுத்த அதிகாரம் இருக்கிறது என்பார்கள். அந்த அதிகாரம் எவ்வளவு என்று பார்ப்போம்.

தண்ணீர் கொடுக்கும் முடிவு: அல்வின் காவல்காரனுக்கு இரண்டு பெட்டி சிகரெட்டைக் கொடுத்து, இயந்திரத்துக்கு நீர் நிரப்புகிற குழாயைப் பெட்டிகள் பக்கம் திருப்பிவிடுகிறார். எல்லாரும் குடிக்கிறார்கள். குழந்தைகள் வாயைத் திறந்து நிற்கிறார்கள். இல்ஸ தலையை நனைத்துக்கொள்கிறாள். கரி வண்டிகள் போகின்றன. மாலையில் இவர்களும் போகிறார்கள். அதே இடத்துக்கு. நல்லவர்களால் முடிகிற அதிகபட்சம் இதுதான் என்றால், அந்த நாட்டில் நல்லவராக இருப்பதற்கு என்ன பெறுமதி? ஒரு வாய் தண்ணீர். பெறுமதி இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தாகத்தில் கிடந்தவளைத்தான் கேட்க வேண்டும்.

மறுக்கும் முடிவு: இந்த வண்டியை நான் எங்கும் அனுப்ப மாட்டேன் என்று அல்வின் எழுந்து நிற்கிறார். அவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கதிரை சூடு ஆறும் முன்பு வேறொருவர் வந்து உட்காருகிறார். ஒருவன் போனால் வண்டி நிற்கக்கூடாது என்று கட்டியதுதானே ரயில்.

பாதையை உடைக்கும் முடிவு: எதிரிநாட்டுக் குண்டுவிமானங்கள் வந்து யார்டை நொறுக்குகின்றன. அவை வந்தன, உண்மையிலேயே. நாற்பத்துநான்கு இலையுதிர்காலத்தில் யார்டுகள் உடைந்தபோது, வெட்டிய கரி சுரங்க வாயிலிலேயே குவிந்து கிடந்தது, ஆலைகளுக்கு மூச்சு முட்டியது, நாட்டின் கழுத்து எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் அது இரண்டு வருடம் பிந்தி. அதுவும் அவர்கள் வந்தது கரியைத் தேடி. மூன்றாம் தடத்தில் நின்றவர்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. இந்த வண்டிக்காக நான் விமானத்தை முன்கூட்டியே வரவழைக்கலாம்; அப்படிச் செய்தால் இல்ஸ கேட்பாள், எனக்கு மட்டும் ஏன், மற்ற வண்டிகளுக்கு ஏன் அனுப்பவில்லை என்று.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ரோஸ்வித்தாவிடம் போய், என்னால் முடியாது என்றேன். ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"லேசானதை விட்டிட்டீரே," என்றார்.

"எதை?"

"நிக்க விடும். அப்பா ஒண்டும் செய்யாம இருக்கட்டும். கைகாட்டியைத் தொடாம இருக்கட்டும். சட்டப்படி கரி முதல்தானே? கரியை விடும். பிறகு இன்னொரு கரி வரும், அதையும் விடும். அந்த வண்டி போகவே வேண்டாம்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு அது ஒண்டு காணும், மலர். ஒரு கதையிலயாவது எங்கட அப்பா அவையை அனுப்பாம இருக்கட்டும்."

8.

எழுதினேன். மறு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர் குசினியில் இருந்து சொல்லத் தொடங்கினேன். தமிழில் எழுதியதைப் பார்த்து ஜெர்மனில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

முதல் கரி வண்டி போகிறது. இரண்டாவது போகிறது. மூன்றாவதும் போகிறது. ஆமி வண்டி, பிறகு இரும்புத் தாது, பிறகு இன்னொரு கரி. அல்வின் தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் வரிசை கொடுக்கிறார். மூன்றாம் தடத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கைகாட்டி கிடையாகவே நிற்கிறது.

ரோஸ்வித்தாவின் முகம் இளகியது. இப்படி அவரை நான் பார்த்ததே இல்லை. "நல்லது," என்றார். "நிக்கட்டும்."

நான் தொடர்ந்தேன். வெயில் சாயவில்லை. பெட்டியின் இரும்பில் கை வைக்க முடியாது. க்ளெமென்ஸ் யன்னலைச் சாத்துகிறார், திரும்பத் திறக்கிறார். தண்ணீர், தண்ணீர் என்கிறார்கள். சிலர் ஜெர்மனில், சிலர் டச்சில். பலகையைக் கையால் அடிக்கிறார்கள். இல்ஸ துவாரத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், காற்றுப் படட்டும் என்று. கை நோகும்போது வேறொருத்தி வாங்கிக்கொள்கிறாள்.

"காவல்காரன் தண்ணி குடுக்கேல்லையோ?"

"இல்லை."

"நீர்தானே எழுதுறீர். குடுக்கச் சொல்லும்."

"குடுத்தாப் பிறகும் நிக்க வேணும், ரோஸ்வித்தா. நாளைக்கும் நிக்க வேணும். நாளையிண்டைக்கும். நீங்கள் போகவே வேண்டாம் எண்டு சொன்னீங்கள்."

"சரி, சொல்லும்."

பின்னேரம் ஆகிறது. இன்னும் கரி வண்டிகள் போகின்றன. கரிக்கு முடிவே இல்லை. முன் பெட்டிகளில் சத்தம் குறைகிறது.

"ஏன் குறையுது?" என்றார். கண்ணைத் திறந்துவிட்டார்.

நான் கடதாசியிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

"மலர், ஏன் குறையுது எண்டு கேக்கிறன்."

"உங்களுக்குத் தெரியும்."

"அந்தப் பிள்ளை?"

"இன்னும் தூக்கிப் பிடிச்சிருக்கினம்."

"உயிரோடயோ?"

கடதாசியைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் எழுதியிருக்கவில்லை. ரோஸ்வித்தா எழுந்து நின்றார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது.

"காணும். போக விடும்."

"எங்க போக?"

"எங்கயாவது! வண்டி அசைஞ்சாக் காத்து வரும். போய்ச் சேந்தா ஆரும் தண்ணி குடுப்பினம். இப்பிடி வைச்சு வதைக்காதையும். கைகாட்டியை ஏத்தும். ஏத்தும் எண்டு சொல்லுறன், கேக்கேல்லையோ உமக்கு?"

தான் என்ன சொன்னார் என்பது அவருக்கு மெல்ல மெல்ல ஏறியது. வாயைப் பொத்திக்கொண்டார். கதிரையைத் தேடி இருந்தார்.

"இப்ப நானும்" என்றார். அதோடு நின்றுவிட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பக்கத்தில் போய் இருந்தேன். நான் எழுதியிருப்பது இந்த ஊரில் யாருக்கும் விளங்காத பாஷையில். ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது.

9.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. வண்டியை அனுப்ப என்னால் முடியாது. நிற்க வைக்கவும் முடியாது. மூன்றாவது வழி ஒன்று இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வழியெல்லாம் இந்த வண்டி புறப்படுவதற்கு வெகு முன்னால், வேறு வேறு மேசைகளில், வேறு வேறு நல்ல மனிதர்களால் சாத்தப்பட்டுவிட்டது. கேபினுக்கு வந்து சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது ஒரு நெம்புகோல் மட்டும்.

நான் பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன். கேபினில் இப்போது அல்வின் இல்லை, க்ளெமென்ஸ் இல்லை, நானும் இல்லை. அவர்களிடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாத ஒன்று உங்களுக்கு இருக்கிறது: வண்டி போனால் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும், நின்றால் என்ன ஆகும் என்றும் தெரியும். அந்த அறிவால் ஒரு பயனும் இல்லை என்பதை நான் உங்களுக்கு மறைக்கவில்லை.

வெயில் அப்படியே இருக்கிறது. துவாரத்திலிருந்து இல்ஸ பார்க்கிறாள். அங்கே மேலே யாரோ நிற்பது அவளுக்குத் தெரிகிறது. இது எப்போது வெளிக்கிடும் என்று உங்களைத்தான் கேட்கிறாள்.